மூன்று பவுண்டு போதும்

கார் மக்கர் பண்ணிய மூன்று தடவையும் ஓட்டிக்கொண்டிருந்தது நான்தான். மூன்று தடவையும் என் கணவர் காரிலேயே இல்லை. சங்கரன்கோவிலில் தன் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தார். ஆனால் கார் எப்படி நிற்கிறது என்று மெக்கானிக் கேட்டது அவரிடம்.

"எப்படி நிக்கு அண்ணாச்சி? விக்கி விக்கி நிக்குதா, பொசுக்குனு நிக்குதா?"

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். "நிக்கல அண்ணாச்சி, இழுவை போயிருது. மூணாவது கியர்ல அஞ்சாயிரம் சுத்துக்கு மேல ஏறும்போது. கால எடுத்தா ரெண்டு செகண்டுல திரும்பி வருது. அப்புறம், வெயில்ல அஞ்சு நிமிசம் நிப்பாட்டிட்டு எடுத்தா ஸ்டார்ட் ஆக மாட்டேங்கு."

மெக்கானிக் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பி, "நீங்க டவுன்ல ஓட்டும்போது எப்படி இருக்கு?" என்றார்.

என் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது.

அந்தக் காரை நான் வாங்கி நான்கு வருடங்கள் ஆகின்றன. பின்சக்கரம் இழுக்கிற பழைய மாடல், கார்புரேட்டர் வண்டி. மேலநீலிதநல்லூர் ஒன்றிய அலுவலகத்தில் எனக்கு வேலை. தினமும் போய்வர வசதியாக இருக்கும் என்று வீட்டில் சொல்லித்தான் வாங்கினேன். அது பாதி உண்மை. மீதி உண்மை, கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மைதானத்தில் வருடாவருடம் நடக்கிற ஒரு நிகழ்ச்சி. பந்தயம் என்றால் பெரிய வார்த்தையாகிவிடும். மைதானத்தில் ரப்பர் கூம்புகளை வைத்து வளைந்து வளைந்து பாதை போட்டிருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான். யார் குறைந்த நேரத்தில் சுற்றி வருகிறார்களோ அவர்கள் முதல். நாற்பத்திமூன்று வயதில் ஒரு அரசு ஊழியை அதற்கு ஆசைப்படக்கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. நான் பார்த்துவிட்டேன்.

எஞ்சினைக் கோயம்புத்தூரில் கொடுத்துத்தான் செய்துவாங்கினேன். சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, கேம் ஷாஃப்டை மாற்றி, ஒன்றுக்கு இரண்டாகக் கார்புரேட்டர் வைத்து அனுப்பினார்கள். எஞ்சினின் பசி இரண்டு மடங்கு ஆகிவிட்டது. ஆனால் அதற்கு ஊட்டுகிற பெட்ரோல் பம்ப் மட்டும் பழையதுதான். எஞ்சினின் விலாவில் பொருத்தியிருக்கிற மெக்கானிக்கல் பம்ப். கேம் சுற்றச் சுற்ற ஒரு நெம்புகோலைத் தட்டும், நெம்புகோல் உள்ளே ஒரு ரப்பர்த் தாளை ஏற்றி இறக்கும், அது பின்னாலிருக்கிற டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி முன்னால் தள்ளும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற மாதிரி நிதானமாக வேலை செய்கிற பொருள். அலுவலகம் போய்வர அது போதும். நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்றில் அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை.

இது என் யூகம் இல்லை. அழுத்தம் காட்டுகிற ஒரு சின்ன கேஜை வாங்கி, கார்புரேட்டருக்குப் போகிற குழாயில் இணைத்து, நீளமான டியூப் போட்டு வெளியே கொண்டுவந்து, முன்கண்ணாடியின் வெளிப்பக்கம் டேப்பால் ஒட்டினேன். உள்ளே வைத்தால் பெட்ரோல் கசிந்து மடியில் ஊற்றும் என்பதால் வெளியே. அலுவலகம் போகிற சாலையில் மானாவாரிக் காடுகளுக்கு நடுவே ஆள் நடமாட்டமில்லாத ஒரு நேரான துண்டு உண்டு. அங்கே ஓட்டிப் பார்த்தேன். நின்ற இடத்தில் முள் மூன்று பவுண்டு காட்டியது. நாலாயிரம் சுற்றில் இரண்டு. ஐயாயிரத்தைத் தாண்டியதும் முள் படுத்துவிட்டது, வண்டியும் தொய்ந்தது. மூன்று நாள், மூன்று தடவை, மூன்று தடவையும் அதே.

இதை மெக்கானிக்கிடம் சொன்னபோது அவர் கேஜை விரலால் ஒரு தட்டுத் தட்டி, "இதெல்லாம் எதுக்கு மதினி, மழை வந்தா நனைஞ்சிரும்லா" என்றார். பிறகு என் கணவரிடம், "கார்புரேட்டரக் கழட்டி சர்வீஸ் பண்ணிருவோம் அண்ணாச்சி" என்றார்.

அவர் மோசமான தொழிலாளி இல்லை. ராஜபாளையம் சாலையில் அவருடைய ஷெட்டில் எப்போதும் நாலைந்து வண்டிகள் நிற்கும். சத்தத்தை வைத்தே எந்த வால்வு என்று சொல்லக்கூடியவர். சத்தத்துக்குக் காது கொடுக்கிற மனிதர் எனக்கு ஏன் கொடுக்கவில்லை என்பதுதான் என் கேள்வி. கார்புரேட்டர்களைக் கழற்றினார், கழுவினார், மாட்டினார். வண்டி ஐயாயிரத்தில் முன்பு போலவே தொய்ந்தது.

அந்த வாரம் என் அண்ணன் சிவகிரியிலிருந்து வந்தான். எலுமிச்சைத் தோட்டம் வைத்திருக்கிறான், வாரம் ஒருமுறை புளியங்குடிச் சந்தைக்கு லோடு ஏற்றிக்கொண்டு போவான். இருபது வருடமாக வேன் ஓட்டுகிறவன் என்பதால் சக்கரம் உள்ள எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு தீர்ப்பு இருக்கும். அவன் வரும்போதே ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தான். உள்ளே புது மெக்கானிக்கல் பம்ப்.

"அண்ணே, பழசும் இதே பம்ப்தான். அது கெட்டுப்போகல. எஞ்சினுக்குப் பத்தல" என்றேன்.

"ஏட்டி, நீ போன்ல பாத்துட்டுப் பேசுத. கரண்டுல ஓடுத பம்ப நம்பிப் போனா நடுக்காட்டுல நிப்ப. இது இரும்பு. எஞ்சின் சுத்துனா இது சுத்தும், எஞ்சின் நின்னா இதுவும் நின்னுரும். வண்டி எதுலயாச்சும் மோதிட்டுன்னு வையி, கரண்டு பம்ப் பெட்ரோலக் கொட்டிக்கிட்டே கெடக்கும். தீப்பிடிச்சிரும்."

கடைசியாகச் சொன்னதில் நியாயம் இருந்தது. அதை நானும் யோசித்திருந்தேன், அதற்கு வழியும் வைத்திருந்தேன். சொல்ல வாயெடுத்தேன். அவன் அதற்குள், "என்ன மாப்ள, நான் சொல்லுதது சரிதான?" என்று என் கணவரிடம் கேட்டுவிட்டான். என் கணவர், "மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். இந்த வீட்டில் முடிவுகள் இப்படித்தான் எடுக்கப்படுகின்றன.

புது பம்ப் மாட்டப்பட்டது. நேரான துண்டுக்குப் போனோம். அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஐயாயிரத்தில் முள் படுத்தது. "பாரு" என்றேன்.

"என்னத்தப் பாக்க?"

"முள்ளப் பாரு. பெட்ரோல் வரல."

அவன் முள்ளைப் பார்க்கவில்லை. கண்ணை மூடி எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "இது பிளக்" என்றான். பிளக்கை மாற்று என்று சொல்லிவிட்டு மாலை பஸ்ஸுக்குச் சிவகிரி போய்ச் சேர்ந்தான். நான் பிளக்கை மாற்றவில்லை. மாற்றிவிட்டதாகப் போனில் சொன்னேன். "இப்ப எப்படி இருக்கு?" என்றான். "அப்படியேதான் இருக்கு" என்றேன். அது பொய் இல்லை.

நிகழ்ச்சிக்கு ஐந்து வாரம் இருந்தது. நான் தீர்மானம் பண்ணிவிட்டேன்: எலக்ட்ரிக் பம்ப். எஞ்சின் எத்தனை சுற்று சுற்றினாலும் அது தன் போக்கில் ஒரே மாதிரி தள்ளும். டேங்க் பக்கத்தில் இருக்கும், ஆகையால் எஞ்சின் சூட்டில் வேகாது. எங்கள் ஊர் வெயிலில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வண்டி கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடிப்பதும் தீரும். ஏப்ரல் முழுக்க நான் ஒரு பாட்டில் தண்ணீரும் துணியும் வைத்துக்கொண்டு, அலுவலக வாசலில் பானெட்டைத் திறந்து, காய்ச்சல்காரனுக்குப் போடுகிற மாதிரி பம்புக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். இனி அது வேண்டாம். ஆனால் எந்த எலக்ட்ரிக் பம்பும் ஆகாது. கார்புரேட்டர் மூன்று பவுண்டு, மிஞ்சிப்போனால் நாலு பவுண்டு அழுத்தம்தான் தாங்கும். இந்தக் காலத்துக் கார்களில் வருகிற இன்ஜெக்‌ஷன் பம்ப் நாற்பது பவுண்டில் தள்ளுகிறது. அதை மாட்டினால் கார்புரேட்டர் பொங்கிவிடும். குறைந்த அழுத்தப் பம்ப் ஒன்றைக் கோயம்புத்தூரில் சொல்லிவைத்தேன். வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். மெக்கானிக்கிடம் இதை நின்று நிதானமாக விளக்கினேன். "மூணு பவுண்டு, அண்ணாச்சி. நாப்பது இல்ல" என்று இரண்டு முறை சொன்னேன். "ஆகட்டும் மதினி" என்றார். அழுத்தம் காட்டுகிற கேஜைக் கழற்றிவிட்டு, கசிந்துகொண்டிருந்த ஒரு குழாயை மாற்ற வண்டியை அவர் ஷெட்டில் விட்டுவிட்டு மறுநாள் பஸ்ஸில் வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கார் வாசலில் நின்றது. மெக்கானிக்கும் என் கணவரும் பக்கத்தில் நின்றார்கள். இரண்டு பேர் முகத்திலும் கல்யாண வீட்டுக்காரர்களின் களை.

"மதினி, உங்களுக்கு வேலையே இல்ல. பம்ப் மாட்டியாச்சு" என்றார் மெக்கானிக்.

"என்ன பம்ப்?"

"பெருசு. விபத்துல அடிபட்ட ஒரு வண்டி உடைக்க வந்துச்சு, அதுல இருந்து எடுத்தது. நல்ல கண்டிசன். ஷெட்டுல இருந்து ஓட்டிக்கிட்டுத்தான் வந்தேன். கொஞ்சம் புகை தள்ளுச்சு. புதுசுல்லா, சரியாயிரும்."

நான் பானெட்டைத் திறந்து வைத்தேன். சாவியை ஒரு திருப்பு மட்டும் திருப்பினேன், எஞ்சினைக் கிளப்பவில்லை. பின்பக்கத்திலிருந்து மிக்ஸி ஓடுகிற மாதிரி ஒரு இரைச்சல். இறங்கி முன்னால் வந்து பார்ப்பதற்குள் இரண்டு கார்புரேட்டரின் வாயிலிருந்தும் பெட்ரோல் வழிந்து, எஞ்சின் மேல் ஓடி, கீழே சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நாலு விரற்கடை தள்ளி சைலன்சர் குழாய். ஷெட்டிலிருந்து ஓட்டிவந்த சூடு அதில் இன்னும் இருந்தது. மெக்கானிக்கின் வாயில் பீடி இருந்தது, கையில் தீப்பெட்டி.

"அதக் கீழ போடுங்க" என்றேன்.

அவர் என்னையும் காரையும் பார்த்துவிட்டுத் தீப்பெட்டியைத் தெருவின் அந்தப் பக்கத்துக்கு வீசினார். நான் சாவியை அணைத்து, பேட்டரி வயரை ஸ்பேனர் தேடாமல் கையாலேயே பிடுங்கினேன். என் கணவர் தெருவோரம் கொத்தனார் கட்டட வேலைக்குக் குவித்திருந்த மணலை இரண்டு கையாலும் அள்ளிவந்து கொட்டினார். காரைத் தள்ளித் தெருவின் நடுவுக்குக் கொண்டுபோனோம்.

"உங்கட்ட ரெண்டு தடவ சொன்னேன்" என்றேன் மெக்கானிக்கிடம்.

"நான் என் இஷ்டத்துக்கா மாட்டினேன்? அண்ணாச்சிட்ட போன்ல கேட்டுத்தான மாட்டினேன்" என்றார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அவர் கணக்கில் அவர் முறைப்படிதான் நடந்திருக்கிறார்.

அவர் போனபிறகு நான் படியில் உட்கார்ந்தேன். புடவை முழுக்க பெட்ரோல் வாடை. என் கணவர் கையிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டு எதிரில் நின்றார்.

"போன்ல என்ன கேட்டாரு?" என்றேன்.

"பெரிய பம்ப் ஒண்ணு கெடச்சிருக்கு, மாட்டிருவமான்னு கேட்டாரு. கடையில ஆள் நின்னாங்க. மாட்டுங்கன்னுட்டேன்."

"எத்தன பவுண்டுன்னு கேட்டீங்களா?"

"பவுண்டுன்னா?"

ஒரு மாதமாக முன்கண்ணாடியில் அந்தக் கேஜ் ஒட்டியிருந்தது. அதைப் பற்றி நான் சோறு பரிமாறும்போது பேசியிருக்கிறேன், துணி மடிக்கும்போது பேசியிருக்கிறேன். அவர் எல்லாவற்றுக்கும் "ம்" என்று சொல்லியிருக்கிறார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அதைவிட மோசமான ஒரு அலுப்பு வந்தது.

"எனக்கென்ன தெரியும்னு சொல்லலாம்லா. அவகிட்ட கேளுங்கன்னு ஒரு வார்த்த."

அவர் உள்ளங்கையை மறுபடி தட்டினார். பிறகு, "ஆம்பளைன்னு என்ட்ட கேக்காங்க. தெரியாதுன்னு சொல்ல ஒரு மாதிரி இருக்கு" என்றார்.

"நான் ரெண்டு மாசமா தெரியும்னு சொல்லிக்கிட்டு நிக்கேன். ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. எனக்கு ஒரு மாதிரியா இருக்காதா?"

அவர் உள்ளே போய், எனக்கு மாற்றுப்புடவை எடுத்துக் குளியலறைக் கதவில் போட்டுவிட்டு, பழைய வாளியில் சோப்புத்தண்ணீர் கலந்து வாசலைக் கழுவப் போனார். அன்றைக்கு அவ்வளவுதான் பேச்சு.

கோயம்புத்தூர்ப் பம்ப் சொன்ன நாளுக்கு ஒரு வாரம் தாமதமாக வந்தது. ஒரு டம்ளர் அளவுதான் இருந்தது. இந்தச் சுண்டைக்காய்க்கா இத்தனை பாடு என்று தோன்றியது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நானே மாட்டினேன். அண்ணன் சொன்ன தீ பயத்துக்காக ஒரு ஆயில் பிரஷர் சுவிட்ச் வாங்கி வயரில் சேர்த்தேன். எஞ்சின் ஓடி அதன் ஆயிலுக்கு அழுத்தம் இருந்தால்தான் பம்புக்கு மின்சாரம் போகும். எஞ்சின் நின்றால் பம்பும் நின்றுவிடும். கிளப்புகிற நேரத்துக்கு மட்டும் விரலால் அழுத்துகிற ஒரு பொத்தான். இணையத்தில் பார்த்து, தாளில் படம் போட்டு, இரண்டு ஃபியூஸைப் பொசுக்கி, மூன்றாவதில் சரியாக வந்தது.

சரியாக வந்தது என்று நினைத்தேன். கேஜை மறுபடி ஒட்டி ஓட்டிப்பார்த்தால் முள் மூன்றிலும் ஒன்றரையிலுமாக ஆடுகிறது. காருக்கு அடியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு ஒவ்வொரு இணைப்பாகத் தடவிப் பார்த்தேன். ஒரு கசிவும் இல்லை. அப்போது பக்கத்தில் இரண்டு செருப்புக் கால்கள் வந்து நின்றன. மெக்கானிக். அந்தப் பெட்ரோல் நாளுக்குப் பிறகு அவர் வரவேயில்லை. உடைந்த வண்டியிலிருந்து எடுத்த பம்பைத் திரும்ப வாங்கிப்போக வந்திருந்தார். குனிந்து அடியில் எட்டிப் பார்த்தார்.

நிமிர்ந்து, "அண்ணாச்சி, பம்ப ரொம்ப மேல வச்சிருக்காங்க" என்று என் கணவரிடம் சொன்னார்.

நான் காருக்கடியில் படுத்தபடியே கண்ணை மூடிக்கொண்டேன்.

"எனக்கு அது ஒண்ணும் வெளங்காது. அவகிட்டயே சொல்லுங்க" என்றார் என் கணவர்.

மெக்கானிக் முழங்கால் சொடுக்கும் சத்தத்தோடு தரையில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார். "மதினி, இந்தப் பம்பு தள்ளும். உறிஞ்சாது. டேங்குக்குக் கீழ வச்சீங்கன்னா பெட்ரோல் தானா எறங்கி வரும். மேல வச்சா காத்தையும் சேத்து இழுக்கும்."

அவர் சொன்னது சரி. நான் படித்த எல்லாவற்றிலும் அது எழுதியிருந்தது. மழைத்தண்ணீர் படாமல் இருக்கட்டும் என்று நான்தான் மேலே ஏற்றி வைத்திருந்தேன். "ஆமா அண்ணாச்சி, என் தப்புதான்" என்றேன். அன்றைக்கே ஷெட்டுக்குப் போய் இரும்புப் பட்டையை வளைத்து, இரண்டு பக்கமும் ரப்பர் வைத்து ஒரு தாங்கி செய்து எடுத்துவந்தார். அதை மாட்டியதும் முள் மூன்றில் ஆணி அடித்த மாதிரி நின்றது. நேரான துண்டில் ஐயாயிரம் தாண்டி, ஆறாயிரத்தை எட்டியும் முள் அசையவில்லை. பக்கத்து இருக்கையில் மெக்கானிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். "போதும் மதினி, எதுக்க மாடு வருது" என்றார்.

நிகழ்ச்சிக்கு நானும் என் கணவரும் போனோம். அண்ணன் வரவில்லை, எலுமிச்சை லோடு இருந்தது. போனில் மட்டும், அந்த மெக்கானிக்கல் பம்பைத் தூக்கிப் போட்டுவிடாதே, டிக்கியில் வைத்துக்கொள் என்றான். வைத்துக்கொண்டேன். தன் பம்ப் டிக்கியிலாவது போகிறது என்று அவனுக்கு ஒரு நிம்மதி.

மைதானத்தில் வண்டியைப் பரிசோதிக்கிற மனிதர் பானெட்டுக்குள் பார்த்துவிட்டு, பின்னால் போய்ப் பம்பைப் பார்த்துவிட்டு, எஞ்சின் நின்றால் இது நிற்குமா என்று கேட்டார். கேட்டது என் கணவரைப் பார்த்துத்தான். கோயம்புத்தூர் என்றால் மட்டும் வேறு மாதிரியா இருக்கும். என் கணவர் ஹெல்மெட்டை என் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பரிசோதகருக்கு என்னைத் தவிர வேறு ஆள் இல்லாமல் போயிற்று. எஞ்சினை ஓடவிட்டு, சாவியைத் தொடாமலே அணையவைத்து, பம்பும் நின்றுவிடுவதைக் காட்டினேன். தாளில் டிக் போட்டார்.

ஆளுக்கு இரண்டு சுற்று. முதல் சுற்றில் எஞ்சின் ஒரு இடத்தில்கூடத் தொய்யவில்லை. மூன்றாம் கியரில் அது இழுத்த இழுப்புக்கு நான்தான் தயாராக இல்லை. கடைசி வளைவில் அகலமாகப் போனேன். இரண்டாவது சுற்றில் இன்னும் வேகமாக எடுத்து, நடுவில் பின்பக்கம் சறுக்கி, இரண்டு கூம்புகளை இடித்துத் தள்ளினேன். கூம்புக்கு நேரத்தைக் கூட்டிவிட்டார்கள். என் பிரிவில் பதினொரு கார்கள். நான் எட்டாவது. எனக்குப் பின்னால் வந்த மூவரில் ஒருவருடைய கார் பாதியில் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று கேட்டேன். பெட்ரோல் வரவில்லை என்றார். என்ன பம்ப் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அவரைச் சுற்றி ஏற்கெனவே ஆறு பேர் நின்று ஆறு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நகர்ந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் திரும்பினோம். திண்டுக்கல் தாண்டியதிலிருந்தே கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. மிதித்தால் எஞ்சின் கூச்சல் போடுகிறது, வண்டி ஏறமாட்டேன் என்கிறது. வயிறாரப் பெட்ரோல் கிடைத்ததும் எஞ்சினுக்கு வந்த பலத்தைப் பழைய கிளட்சால் பிடித்துவைக்க முடியவில்லை. இதை நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். யாரும் சொல்லவுமில்லை, நானும் கேட்கவுமில்லை. ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில்வரை நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் ஓட்டினேன். லாரிகளெல்லாம் ஹாரன் அடித்து முந்திப்போயின. என் கணவர் வாயைத் திறந்து வைத்துத் தூங்கினார். பின் இருக்கைக்கு அடியிலிருந்து அந்த எலக்ட்ரிக் பம்ப் வழிமுழுக்க ஙொய்யென்று ஒரே ஸ்தாயியில் இரைந்துகொண்டே வந்தது. அதை மாட்டியதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவே இல்லை.